தண்ணி எங்கே போகுது?

காரில் பெட்ரோல் தீரும், எஞ்சின் ஆயில் கொஞ்சம் குறையும், கண்ணாடி கழுவும் தண்ணீர் காலியாகும். இதெல்லாம் வழக்கம். கூலண்ட் குறைவது வழக்கமல்ல. எஞ்சினுக்குள் போய்ச் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் வந்து இறக்கிவிட்டு, மறுபடி எஞ்சினுக்குள்ளேயே திரும்பும் அந்தத் திரவத்தின் பாதை மூடிய பாதை. மாதத்துக்கு ஒரு விரற்கடை கூலண்ட் டேங்கில் இறங்கினால்கூட எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேடும் முறையில் திருநெல்வேலிப் பட்டறைகளும் யாழ்ப்பாணத்துக் கராஜ்களும் வெகுவாக வேறுபடுகின்றன. வண்டிகளில் பெரிய வித்தியாசம் கிடையாது. இங்கே ஓடும் மாருதி ஆல்டோ அங்கேயும் ஓடுகிறது, அதுவும் இந்தியாவில் செய்து கப்பலில் போனதுதான். வித்தியாசம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தொடங்குகிறது.

நெல்லையில் வண்டி சூடாகி வந்து நின்றால் பானெட்டைத் திறக்கும் பையன் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணாச்சி, எத்தன நாளா தண்ணி குடிக்கி?” பதில் சொல்லி முடிப்பதற்குள் அவன் கை வாட்டர் பம்புக்குப் போயிருக்கும். “பம்புதான். மாத்திருவோம், மத்தியானம் வண்டிய எடுத்துட்டுப் போயிரலாம்.” பம்பு உள்ளூரிலேயே கிடைக்கும், இல்லையென்றால் மதுரையிலிருந்து மறுநாள் வந்துவிடும். கூலி அதிகமில்லை. வண்டி டாக்ஸியாக இருந்தால் ஒருநாள் நிற்பதே பம்பு விலையைவிடப் பெரிய நஷ்டம். குற்றாலம் சீசனிலும் கார்த்திகை, மார்கழி ஐயப்பன் சீசனிலும் கேட்கவே வேண்டாம். அதனால் இங்கே நோய் பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் ஒரே வேலையாகிவிட்டன. ஹோஸ் பைப்பை மாற்றிப் பார், கிளாம்பை மாற்றிப் பார், பம்பை மாற்றிப் பார். எதை மாற்றியதும் ஒழுகல் நிற்கிறதோ அதுதான் காரணம்.

இந்த முறையைக் கேலி செய்வது எளிது. ஆனால் பத்து வருஷம் ஓடிய வண்டியின் ரப்பர் ஹோஸ் விஷயத்தில் இதுதான் சரி. ரப்பர் உள்ளிருந்து பிளக்கும், வெளியில் பளபளவென்று இருக்கும். அதைப் பிசைந்தும் முகர்ந்தும் ஆராய்வதைவிட மாற்றிவிடுவது மலிவு. வாட்டர் பம்பில் அப்படி இல்லை. பம்பின் உடலில் ஒரு சிறு துளை வைத்தே வார்த்திருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கட்டும் என்பது ஏற்பாடு. துளைக்குக் கீழே காய்ந்த தடம் இருந்தால் பம்பு போய்விட்டது, இல்லாவிட்டால் அநேகமாக நல்ல பம்பு. ஒரு டார்ச் லைட்டும் சின்னக் கண்ணாடியும் போதும். நல்ல பம்பைக் கழற்றிப் புதுப் பம்பு போட்டுக்கொண்டு போன வண்டிகள் பாளையங்கோட்டையில் எத்தனையோ ஓடுகின்றன. ஒழுகலும் கூடவே ஓடுகிறது.

யாழ்ப்பாணத்தில் கேள்வி வேறு விதமாக வரும். “எத்தினை நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுறியள்? காலமை குறையுதோ, ஓடிப்போட்டு வந்தாப்பிறகு குறையுதோ?” பிறகு, “வாகனத்தை விட்டிட்டுப் போங்கோ அண்ணை, ஆறினாப்பிறகு பார்ப்பம்.” இந்தப் பொறுமைக்கு வரலாறு உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002 போர்நிறுத்தம் வரை குடாநாட்டைப் பிடித்திருந்தது. பெட்ரோல் இல்லை, பேட்டரி இல்லை, உதிரிப்பாகங்கள் இல்லை. ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்ப்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும், சூடு கூடும். அப்படிப்பட்ட எஞ்சினில் தண்ணீர் குறைவது சாதாரணச் செய்தியல்ல. போனால் வேறு எஞ்சினுக்கு வழியில்லை. ஒரு போல்ட்டைக் கழற்றுமுன் பத்துத் தடவை யோசிக்கும் பழக்கம் அந்தக் கராஜ்களுக்கு அப்படித்தான் வந்தது.

போர் முடிந்து ரீகண்டிஷன் செய்த ஜப்பான் கார்கள் குவிந்தபோது இந்தப் பழக்கம் மறைந்திருக்க வேண்டும். மறையுமுன் 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியையே நிறுத்தியது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பிப்ரவரியில். இடையில் 2022இல் டாலருக்கு 200 ரூபாயாக இருந்த மதிப்பு இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. நெல்லையில் கல்லாவில் காசு போட்டதும் கைக்கு வரும் ஆல்டோ பம்பு, கடல் தாண்டினால் யோசித்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பம்பு கிடைக்கும், அது இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். எனவே கழற்றுவதற்கு முன் நிச்சயம் தேவைப்படுகிறது.

அந்த நிச்சயத்தைத் தருவது ஒரு கைப்பம்பு. ரேடியேட்டர் மூடியின் இடத்தில் பொருந்துகிற அடாப்டர், ஒரு பிரஷர் கேஜ், சைக்கிளுக்குக் காற்றடிப்பது மாதிரி ஒரு பிடி. இவ்வளவுதான் பிரஷர் டெஸ்டர். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருக்கும் அளவு வரை அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள்ளைப் பார்த்திருக்க வேண்டும். முள் நின்றால் வெளி ஒழுகல் இல்லை. இறங்கினால் அநேகமாக எங்கோ சொட்டுகிறது, சொட்டும் இடத்தில் புதிய ஈரம் தெரியும். இந்தச் சோதனையின் அருமை எரிபொருள் கியூ.ஆர். கோட்டுக்குக் கட்டுப்பட்டிருந்த 2022இல் இன்னும் கூடியது. எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு, சூடேற்றி, எங்கே ஆவி வருகிறது என்று பார்ப்பது நம்மூர் வழக்கம். வாராந்தரக் கோட்டாவில் வாழ்ந்த ஊரில் அது வாடிக்கையாளரின் பெட்ரோலை எரித்துக் காட்டும் வேலை. ஆறிய எஞ்சினில் காற்றழுத்திப் பார்க்க ஒரு துளி பெட்ரோலும் வேண்டாம்.

ஆறிய எஞ்சினில் பார்ப்பதற்கு வேறு லாபமும் உண்டு. ஓடும்போது எஞ்சின் தொண்ணூறு டிகிரியில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் விழும் சொட்டு விழுந்த இடத்திலேயே ஆவியாகும். கீழே ஈரமே இராது. வெள்ளையாகவோ, கூலண்டின் நிறத்திலோ ஒரு பொருக்கு மட்டும் மிஞ்சும். சில ஒழுகல்கள் ஆறிய பிறகுதான் வாயைத் திறக்கும். உலோகம் சுருங்கி கிளாம்பின் பிடி தளரும்போது, விடியற்காலையில், யாரும் பார்க்காத நேரத்தில் சொட்டும். ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய தினத்தந்தியை விரித்துவைப்பது இதற்குச் செலவில்லாத சோதனை. நிறம் இருந்தால் கூலண்ட். நிறமும் வாசனையும் இல்லாத சுத்தத் தண்ணீர் முன்சீட்டுப் பயணிக்குக் கீழே கிடந்தால் அது ஏ.சி. வடித்தது. இந்த ஏ.சி. தண்ணீரைப் பார்த்துப் பயந்து பட்டறைக்கு வருபவர்கள் இரண்டு நாட்டிலும் ஏராளம். ஆனால் காருக்குள்ளேயே மிதியடி நனைந்து, இனிப்பு வாசனை அடித்து, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காகப் பனி படிந்தால் ஹீட்டர் கோரில் ஓட்டை. நாம் ஹீட்டரைத் தொடுவதே இல்லை என்பதால் அது இருப்பதே பலருக்கு மறந்துவிடுகிறது.

நெல்லைப் பட்டறைகளில் கடைசியாகச் சந்தேகப்படும் பொருள் மூடி. முதலில் சந்தேகப்பட வேண்டியதும் அதுதான், விலையும் அதற்குத்தான் குறைவு. ரேடியேட்டர் மூடி வெறும் அடைப்பான் இல்லை, இரண்டு வால்வுகள் உள்ள கருவி. ஒன்று அழுத்தத்தைப் பிடித்து வைத்து, அளவு மீறினால் டேங்குக்கு அனுப்பும். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து ஒரு வளிமண்டல அழுத்தத்தை மேலே ஏற்றினால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டும். அந்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் ஒழுகலே இல்லாமல் வண்டி கொதிக்கும், கொதித்தது டேங்க் வழியாக வெளியே போகும், நாம் ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்போம். இன்னொரு வால்வு எஞ்சின் ஆறும்போது டேங்கிலிருந்து கூலண்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அது அடைத்தால் மேல் ஹோஸ் காலையில் சப்பிப்போய்க் கிடக்கும். டேங்கில் தண்ணீர் நிறைந்திருந்து ரேடியேட்டர் மட்டும் காலியாக இருந்தாலும் குற்றவாளி மூடியோ, டேங்குக்குப் போகும் சின்னக் குழாயோதான்.

இந்த மூடிக்கும் நம் ஜில்லாவுக்கும் தூரத்து உறவு ஒன்று உண்டு. டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877இல் பிறந்தது திருக்குறுங்குடியில். பஸ் விட்டுப் பெயரெடுத்தது மதுரையில். அவர் பேரன் சுரேஷ் கிருஷ்ணாவின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பும் ஆர்டரைப் பிடித்தது. இங்கிலாந்தில் இருந்த இயந்திர வரிசையையே வாங்கி, கழற்றிக் கப்பலேற்றி, தமிழ்நாட்டில் நிறுவியது. டெட்ராய்ட் கார்களுக்கே மூடி செய்து கொடுத்த ஊர்க்காரர்கள், தங்கள் வண்டியின் மூடியை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்ப்பதில்லை. பிரஷர் டெஸ்டரிலேயே மூடியைச் சோதிக்கும் அடாப்டரும் வருகிறது. அது பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் இரண்டு ஊரும் தங்கள் தங்கள் மண்ணுக்குக் கட்டுப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கிய மழைத்தண்ணீரைக் கிணற்றில் இறைத்துத்தான் எல்லாப் பாடும். அதைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளை படியும், ரேடியேட்டரிலும் அதேதான் நடக்கும். தாமிரபரணி அப்படியில்லை. பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் இறங்கி வரும் அந்தத் தண்ணீர் மென்மையானது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் “ஆத்துத் தண்ணிதான ஊத்துதோம், என்ன ஆயிரும்?” என்று கேட்பதற்கு அந்த நம்பிக்கைதான் காரணம். பாதி சரி. சுண்ணாம்பு படியாது. ஆனால் ஆற்றுத் தண்ணீரில் துரு தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. வார்ப்பிரும்பு எஞ்சின் உள்ளுக்குள் துருப்பிடித்து, செம்மண் குழம்பு மாதிரி டேங்கில் வந்து நிற்கும். வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர்த்தண்ணீரில் உப்பும் சேர்கிறது. உப்பு அலுமினியத்தை ஊசிமுனை ஊசிமுனையாக அரிக்கும். கூலண்டை நாம் குளிர்நாட்டுக்காரனின் பொருள் என்று நினைக்கிறோம். பனிக்கட்டி ஆகாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். நம் வெயிலுக்கு அதன் மற்ற இரண்டு வேலைகள், கொதிநிலையை ஏற்றுவதும் துருவைத் தடுப்பதும், போதுமான காரணம். கலப்பதற்குக் கடையில் விற்கும் பேட்டரி தண்ணியே நல்லது, ஆறும் வேண்டாம், கிணறும் வேண்டாம்.

“கூலண்ட் ஊத்துனதுலேர்ந்துதான் ஒழுகுது” என்ற புகாரை இரண்டு கரையிலும் கேட்கலாம். பொய்யான புகார் இல்லை. ஏற்கெனவே அரித்த சிறு துளைகளைச் சுண்ணாம்பும் துருவும் அடைத்துவைத்திருக்கும். கூலண்ட் அந்தப் படிவைக் கரைக்கும், தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். அது ஓட்டையைப் போடவில்லை, இருந்ததைத் திறந்துவிட்டது. இதைச் சொன்னால் வாடிக்கையாளர் மெக்கானிக்கை நம்பமாட்டார் என்பது வேறு விஷயம்.

ஓட்டையை அடைக்கும் நாட்டு வைத்தியத்தில் இந்திய லாரிக்காரர்களின் கண்டுபிடிப்பு மஞ்சள் தூள். ஒரு கை மஞ்சளை ரேடியேட்டரில் போட்டால் தூள் ஊறி, துளையில் போய்ச் சிக்கி, ஊர் போய்ச்சேரும் வரை ஒழுகலை நிறுத்தும். பழைய செம்புப் பித்தளை ரேடியேட்டரில் இது பெரிய குற்றமில்லை. இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் குழாய்கள் மெல்லியவை, ஹீட்டர் கோரின் குழாய்கள் அதைவிட மெல்லியவை. மஞ்சள் ஓட்டையை அடைப்பதற்கு முன் அவற்றை அடைக்கும். நோய் பார்ப்பவனுக்கு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. பச்சையா, பிங்க்கா, துருவா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் எல்லாத் தடமும் மஞ்சளாகிவிடும். இலங்கையிலோ 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதியே நிறுத்தப்பட்டு, விலை எகிறி, தூத்துக்குடி, ராமேஸ்வரம் கரையிலிருந்து படகில் மஞ்சள் கடத்தி மாட்டியவர்கள் செய்தியில் வந்துகொண்டிருந்தார்கள். அந்த விலையில் ரேடியேட்டருக்கு மஞ்சள் போட யாருக்கும் மனசு வந்திராது. சில ரேடியேட்டர்கள் அதனாலேயே பிழைத்திருக்கும்.

வைத்தியத்தில் யாழ்ப்பாணத்தையும் சும்மா புகழ முடியாது. பிளாஸ்டிக் டேங்கில் விரிசல் விட்ட ரேடியேட்டரை எப்பாக்ஸி பூசி, மேலே இன்னொரு பூச்சுப் பூசி, மூன்றாம் முறையும் ஓட்டுகிறார்கள். பிளாஸ்டிக் வெப்பத்தில் உதிரும் நிலைக்கு வந்த பிறகு எந்தப் பசையும் நிற்காது. செம்புப் பித்தளைக்குப் பழகிய கை அது. செம்புப் பித்தளை ரேடியேட்டரானால், அதை வெளியே எடுத்து, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று விட்டு, குமிழி வரும் இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் மறுபடி பத்து வருஷம் ஓடும். நெல்லையிலும் டிராக்டருக்கும் பழைய லாரிக்கும் இந்த வேலை நடக்கிறது. புதுக் காரின் அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது.

மலைப்பாதை ஓட்டையை மறைக்க விடாது. கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் வழி அவ்வளவு உயரமில்லை, ஆனால் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து ஏறும்போது காற்றோட்டம் இராது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகச் சபரிமலை போகும் வண்டிகளுக்கும் இதே கதை. மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லையென்றால் தரையில் தெரியாத குறை அங்கே தெரியும். சிவனொளிபாதமலை சீசனில் ஹட்டன் பாதையில் ஆவி விட்டு நிற்கும் வேன்களும் அப்படித்தான் பிடிபடுகின்றன. அந்த நேரத்தில் பனியன் வேஸ்டைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறக்கிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், நூறு டிகிரிக்கு மேல் தண்ணீராகவே இருந்தது ஒரே மூச்சில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரம் காத்திருப்பதைத் தவிர இதற்கு வழி கிடையாது.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, டெஸ்டரில் முள் மட்டும் இறங்குகிறது என்றால் கூலண்ட் எஞ்சினுக்குள்ளேயே போகிறது. நெல்லையில் உடனே வரும் தீர்ப்பு, “ஹெட் கேஸ்கட் அண்ணாச்சி, ஹெட்ட எறக்கணும்.” சில சமயம் உண்மை. ஆனால் டேங்கில் ஆயில் மிதந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் கூலர். பல டீசல் எஞ்சின்களில் ஆயிலும் கூலண்டும் ஒரே கூலருக்குள் மெல்லிய தகட்டின் இரு பக்கமும் ஓடுகின்றன. தகடு துளைத்தால், ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகமாக இருப்பதால் ஆயில் கூலண்டுக்குள் வரும். கூலரை மாற்றுவது சில மணி நேர வேலை. இதற்காக ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, மாட்டி, மறுபடி டேங்கில் ஆயிலைப் பார்த்துத் திகைப்பது மாற்றிப் பார்க்கும் முறையின் மிக விலையுயர்ந்த விளைவு.

இலங்கைக் கராஜ்கள் இந்த உள் ஒழுகலில்தான் நம்மைவிட வெகுதூரம் போயிருக்கின்றன. காரணம் டொயோட்டா பிரியஸ். அதன் மூன்றாம் தலைமுறை எஞ்சினில், எரிந்த வாயுவை ஆற்றி எஞ்சினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் கரியடைத்து, நாளடைவில் ஹெட் கேஸ்கட் விடுவது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. அறிகுறி தந்திரமானது. ஒழுகல் இல்லை, ஆயில் பால் நிறமாகவில்லை, வெள்ளைப் புகையும் வெகுநாள் வராது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் சில வினாடி நடுங்கும், பிறகு சரியாகிவிடும். ராத்திரி ஒரு சிலிண்டருக்குள் கசிந்த கூலண்டை வெளியே தள்ளும் நடுக்கம் அது. “காலமை மட்டும் ஆடுதோ?” என்ற கேள்விக்குப் பொருள் இதுதான். பிளக்கைக் கழற்றி, துளைக்குள் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தால் மற்ற பிஸ்டன்கள் கரியாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவிப் பளிச்சென்றிருக்கும். இன்னொரு வழி, ரேடியேட்டர் வாயில் நீல நிற ரசாயனம் உள்ள குப்பியை வைத்து உறிஞ்சுவது. எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைத் தொடாமலே ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்கும் வழிகள் இவை.

இரு ஊரும் சேர்ந்து செய்யும் ஒரு பிழையைச் சொல்லாமல் விட முடியாது. வண்டி சூடானால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது, ஃபேனை டைரக்டாக இணைத்துவிடுவது. “இந்த வெயிலுக்கு அது எதுக்கு?” என்பார்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும். ஒழுகலும் மறைந்து நிற்கும், மலையேறும் நாளில் மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநாலு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது முங்கிய கார்களில் இதே அவசர வைத்தியம் நடந்தது. சூடானதற்குக் காரணம் ரேடியேட்டர் இதழ்களுக்குள் இறுகிய வண்டலும், சேறு புகுந்து திணறும் ஃபேன் மோட்டாருமாக இருந்த வண்டிகளிலும் ஒழுகலைத் தேடினார்கள். தண்ணீர் அளவு குறையாமல் வண்டி சூடானால் அது ஒழுகல் அல்ல, தேடவேண்டிய இடமே வேறு.

2022 முதல் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் என்று ஹைபிரிட் கார்கள் நெல்லைக்கும் வந்துவிட்டன. இவற்றின் பானெட்டுக்குள் எஞ்சின் டேங்குக்கு அப்பால் இன்னொரு சின்ன டேங்க் இருக்கும். அது இன்வெர்ட்டருக்கானது. தனிப் பாதை, தனி மின்சாரப் பம்பு. இதில் குறைந்தால் எஞ்சின் சூட்டு முள் அசையாது, ரேடியேட்டர் நிறைந்தே இருக்கும், வண்டி மட்டும் எச்சரிக்கை விளக்கைப் போட்டு நின்றுவிடும். ஹைபிரிட்களான பிரியஸும் அக்வாவும் பழகிய யாழ்ப்பாணத்துக் கையொன்று பானெட்டைத் திறந்ததும் முதலில் இரண்டு டேங்கையும் பார்க்கும். நம் பட்டறைகள் இன்னும் ஒன்றைத்தான் பார்க்கின்றன. அந்தச் சின்ன டேங்கின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்து, மாதத்துக்கு ஒருமுறை, வண்டி ஆறிய காலையில், அந்தக் கோட்டைப் பார்ப்பதை வண்டிக்காரரே செய்யலாம்.